காயலான் கடைக் கணிப்பொறி

"இந்தக் கிழட்டுப் பெட்டி எதற்கு?" என்று விடுதியில் என் அறைக்கு வரும் நண்பர்கள் கேட்கிறார்கள். கைப்பேசியிலேயே பழைய டாஸ் விளையாட்டுகள் ஓடும்போது, முப்பது வயதை எட்டிவிட்ட பலகைகளைத் தேடி வெயிலில் அலைவானேன் என்பது அவர்கள் வாதம். வாதம் தவறன்று. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருள், பழைய விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றைப் புதிய பொறிகளில் நன்றாகவே ஓட்டிக் காட்டுகிறது. ஆடிப் பொழுதுபோக்குவது மட்டுமே நோக்கமாயின் அதுவே போதும். இக்கட்டுரையை மேலே படிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பழைய விளையாட்டில் ஒரு விண்கலம் திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் செல்ல இரண்டு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டு நொடியை அளந்தது யார்? நிரலா, பொறியா? விடையை அறிய, பொறியின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும்.

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் முதல் 'பெர்சனல் கம்ப்யூட்டரை' வெளியிட்டது. அதன் பலகையில் ஒரு குவார்ட்ஸ் படிகம் உண்டு. நொடிக்கு 1 கோடியே 43 இலட்சம் முறைக்கு மேல், சரியாகச் சொன்னால் 14.31818 மெகாஹெர்ட்ஸில், அது துடிக்கிறது. இப்படி ஓர் ஒழுங்கற்ற எண்ணை ஏன் தேர்ந்தார்கள்? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சி முறையில் நிறச் செய்தியைச் சுமந்து வரும் அலை 3.579545 மெகாஹெர்ட்ஸ். அதை நான்கால் பெருக்கிப் பாருங்கள். கணிப்பொறியின் வண்ணப் படத்தைத் தொலைக்காட்சிக்கும் அனுப்ப அந்த அலை வேண்டியிருந்தது. ஆதலின் ஒரே படிகத்தை வைத்து எல்லாக் காரியத்தையும் முடித்தார்கள். படிகத்தின் துடிப்பை நான்கால் வகுத்தால் திரைக்கு நிறம். மூன்றால் வகுத்தால் 4.77 மெகாஹெர்ட்ஸ்: அது செயலிக்கு. பன்னிரண்டால் வகுத்தால் 1.193182 மெகாஹெர்ட்ஸ்: அது நேரங்காட்டும் சில்லுக்கு. அச்சில்லு 65,536 வரை எண்ணி ஒரு முறை மணியடிக்கிறது, நொடிக்கு 18.2 முறை, அதாவது ஏறத்தாழ 55 மில்லி நொடிக்கு ஒன்று. நம் நாட்டுத் தொலைக்காட்சி பின்பற்றிய பால் முறையின் நிற அலையோ 4.43 மெகாஹெர்ட்ஸ். ஆயினும் நம் ஊர் அலுவலகங்களில் தட்டச்சு செய்த ஒவ்வொரு பி.சி.யும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் தாளத்துக்கே மணி பார்த்தது. இதை முதன்முதலில் கணக்கிட்டுப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இனி விண்கலத்துக்கு வருவோம். பழைய நிரலாளர்களில் பலர் அந்த மணியையும் நாடவில்லை. செயலியின் வேகம் தெரிந்ததுதானே. ஒரு சுற்றை இத்தனை ஆயிரம் தடவை வீணாகச் சுற்றவிட்டால் வேண்டிய தாமதம் கிடைத்துவிடும் என்று எழுதினார்கள். அல்லது எவ்வித வரம்பும் இன்றி, பொறி எவ்வளவு விரைவாகப் படம் வரையுமோ அவ்வளவு விரைவாக ஓடவிட்டார்கள். 1990-இல் வந்த 'விங் கமாண்டர்' விளையாட்டை வேகமான 486 பொறியில் ஓட்டினால், எதிரி எங்கிருந்து வந்தான் என்று காண்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். அக்காலப் பெட்டிகளின் முகப்பில் 'டர்போ' என்றொரு பொத்தான் இருந்ததைச் சிலர் கண்டிருப்பீர்கள். பெயரைப் பார்த்து ஏமாறவேண்டாம். பொறியின் வேகத்தைக் குறைத்துப் பழைய நிரலுக்கு இணங்கச் செய்வதே அதன் உண்மையான பயன்.

அளந்து பார்த்தவர்களுக்கும் விபத்து நேர்ந்தது. டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிய நிரல், தொடங்கும்போதே ஒரு சோதனை நடத்தும்: ஒரு மணியடிப்புக்குள், அதாவது 55 மில்லி நொடிக்குள், இச்செயலி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுத்து, ஒரு மில்லி நொடிக்கு இத்தனை என்று குறித்துக்கொள்ளும். அறிவான ஏற்பாடுதான். ஆனால் ஈவை வைக்க ஒதுக்கிய இடம் 16 பிட். 65,535-க்கு மேல் அதில் கொள்ளாது. 65,535-ஐ 55-ஆல் பெருக்கினால் 36,04,425. மொழியை வடித்த நாளில் இத்தனை சுற்றை 55 மில்லி நொடியில் முடிக்கும் பொறி கற்பனையாகவே இருந்திருக்கும். பெண்டியம் 2 போன்ற செயலிகள் வந்தன. அந்த எல்லையைத் தாண்டின. பிழையே இல்லாதிருந்த நிரல்கள் 'ரன்டைம் எரர் 200' என்று சொல்லிவிட்டு மாண்டன. நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. மாறியது காலம்.

1993 டிசம்பரில் வந்த 'டூம்' இத்தொல்லையைத் தவிர்த்தது. அதன் உலகம் நொடிக்கு 35 அடி மட்டுமே எடுத்துவைக்கும், பொறி எதுவாயினும் சரி. 35 ஏன் என்றால், வி.ஜி.ஏ. திரை அந்த நிலையில் நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதில் பாதி.

எனவே பழம்பொறி கட்ட விரும்புவோர் முதலில் முடிவு செய்யவேண்டியது வேகத்தை. மிகப் பழையது வேண்டும் என்று 386-ஐத் தேடினால் விலையும் அதிகம், டூமும் தவழும். என் தேர்வு, 1997-இல் வெளிவந்த பெண்டியம் எம்.எம்.எக்ஸ். செயலியும் இன்டெல் 430டி.எக்ஸ். சில்லுத்தொகுதி கொண்ட பலகையும். பின்வந்த விளையாட்டுகளுக்கு முழு வேகம். முன்வந்தவற்றுக்கு, பொறியைத் தொடங்கும்போது பயாஸ் அமைப்பில் 'கேச்' என்னும் விரைவு நினைவகத்தை அணைத்துவிட்டால் போதும். சிறுத்தை எருமையாகி, ஒரு 386-இன் நடையில் நடக்கும். பொத்தானே இல்லாத டர்போ இது! நினைவகம் 64 மெகாபைட்டுக்கு மேல் வேண்டாம். இத்தொகுதி அந்த அளவுக்கே கேச் வசதி தரும். கூடுதலாகச் செருகினால் பொறி வேகம் குறையும்.

உறுப்புகளுக்கு எங்கே போவது? தில்லியில் புதியவற்றுக்கு நேரு பிளேஸ். பழையவற்றுக்கு யமுனைக்கு அப்பால் சீலம்பூர். மெட்ரோவில் இறங்கி நடந்தால் சந்துக்குச் சந்து கணிப்பொறிகளின் பிணக்குவியல். நம் ஊரில் காயலான் கடை என்போமே, அதன் பேருருவம். ஒரு முதிய வணிகரிடம் பலகை ஒன்றைக் காட்டி, "சாச்சா, இது ஓடுமா?" என்றேன். "ஓடுமா என்று கேட்காதே பேட்டா, எடை எவ்வளவு என்று கேள்" என்றார். அவர் சொன்னது அந்தச் சந்தையின் பொருளாதாரம் முழுவதும். பழைய பீங்கான் செயலிகளின் ஊசிகளில் தங்க முலாம் உண்டு. ஆதலின் எது மிகப் பழையதோ அதுவே முதலில் அமிலத்துக்குப் போகிறது. பலகைகளை எரித்தும் அமிலத்தில் கழுவியும் உலோகம் பிரிக்கும் தொழிலுக்கு மொராதாபாத் நகரம் பெயர் பெற்றது. கையுறைகூட இல்லாமல் பலகையைச் சூடேற்றிச் சில்லுகளைப் பெயர்க்கும் சிறுவர்களை நானே பார்த்தேன். அவர்களுடைய நுரையீரலோடு ஒப்பிட்டால் என் விளையாட்டுப் பெட்டி அற்பப் பொருள். அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று பலகைகளும் ஒரு சவுண்டு கார்டும் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் நின்றன. மூன்றில் ஒன்று உயிர் பெற்றது.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை: தலை உப்பிய மின்தேக்கிகள், அறுந்த செம்புக் கோடுகள், எல்லாவற்றுக்கும் மேலாக மின்கலம். பழைய பலகைகளில் பீப்பாய் வடிவ நிக்கல் காட்மியம் மின்கலத்தைப் பற்றவைத்திருப்பார்கள். அது கசியும். கசிவது காரம், பச்சை பூத்துச் செம்பைத் தின்றுகொண்டே போகும். மின்கலத்தை அகற்றி, வினிகர் தோய்த்த பஞ்சால் துடைத்தால் காரம் நடுநிலையாகும். பின் வாலை வடிநீர், அதன்மேல் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்; ஒரு நாள் முழுதும் உலரவிடுங்கள். பற்பசைத் தூரிகைக்கு இதைவிட நல்ல மறுபிறவி கிடையாது.

மின்னழுத்தத்தில் மட்டும் அவசரம் கூடாது. பெண்டியம் எம்.எம்.எக்ஸ். உள்ளே கேட்பது 2.8 வோல்ட், அதற்கு முந்திய பெண்டியத்துக்கோ 3.3 வோல்ட் அளவில் வேண்டும். பலகையில் உள்ள ஜம்பர் ஊசிகளைச் சரியாக மாட்டிய பிறகே செயலியை வையுங்கள். ஏ.டி. வகை மின்வழங்கியாயின் அதிலிருந்து இரண்டு செருகிகள் வரும். இரண்டின் கறுப்புக் கம்பிகளும் நடுவில் அடுத்தடுத்து அமையவேண்டும். மாற்றிச் செருகினால் பலகை அன்றே சாகும். இவ்வகைப் பெட்டியின் முகப்புப் பொத்தானுக்கு வீட்டு மின்சாரமே, 230 வோல்ட், நேரே வருகிறது. அம்முனைகளை நன்கு மூடாமல் பெட்டிக்குள் கைவிட வேண்டாம். முதல் முறை பலகை, செயலி, நினைவகம், படஅட்டை, ஒலிபெருக்கி இவை மட்டும். ஒரு குறுங்குரல் 'பீப்' கேட்டுத் திரையில் எழுத்து வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

சவுண்டு கார்டே என் பொறியின் உயிர். 1987-இல் வந்த ஆட்லிப் அட்டையிலும் 1989-இல் சிங்கப்பூர் நிறுவனமான கிரியேட்டிவ் வெளியிட்ட சவுண்டு பிளாஸ்டரிலும் யமஹாவின் ஒய்.எம். 3812 என்னும் சில்லு இசைத்தது. அது பதிவான இசையைத் திருப்பிப் பாடுவதன்று. கணக்குப் போட்டு இசையை உண்டாக்குவது. ஒரு சைன் அலையின் கட்டத்தை இன்னொரு சைன் அலை அசைக்கிறது. அசைக்க அசைக்க, மூல அதிர்வெண்ணின் இருபுறமும் புதிய அதிர்வெண்கள் வரிசையாக முளைக்கின்றன. அவற்றின் வலிமையைத் தருபவை நாம் தேர்வுக்கு உருப்போட்ட பெசல் சார்புகளேதாம்! ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் இம்முறையைக் கண்டு 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். யமஹா உரிமம் பெற்றது. இரண்டே அலைகளால் மணியோசை, குழலோசை, தகரக் கொட்டு எல்லாம் பிறக்கும். ஆட்லிப் அட்டையின் சில்லுக்குத் துடிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பலகையின் ஐ.எஸ்.ஏ. செருகுவாயில் ஓர் ஊசி 14.31818 மெகாஹெர்ட்ஸை அப்படியே வெளியே தருகிறது. அதை நான்கால் வகுத்தால் 3.579545. நிறத்துக்கு வகுத்த அதே எண், இங்கே இசைக்கு! திரையின் நிறமும், கடிகாரத்தின் மணியும், பாட்டின் சுருதியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

இந்த அட்டைக்கு டாஸில் முகவரி 220, குறுக்கீடு 5, நேரடி நினைவக வழி 1 என்று குறித்துவிட்டால் பெரும்பாலான விளையாட்டுகள் கேள்வி கேட்காமல் பாடும். பழைய வன்தட்டுக்காக அலைய வேண்டாம். நிழற்படக் கருவிகளில் இருந்த காம்பாக்ட் ஃபிளாஷ் அட்டையை ஒரு சிறு மாற்றியின் வழியே அதே செருகியில் மாட்டலாம். டாஸ் 6.22-க்கு ஒரு பிரிவு 2 கிகாபைட்டுக்கு மேல் ஆகாது. அதுவே கடல் போன்ற இடம். திரை மட்டும் பழைய 4:3 வடிவினதாக இருக்கட்டும். 320-க்கு 200 புள்ளிகள் அத்திரையை நிரப்பும்போது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமானது. அகலத் திரையில் இழுத்துவிட்டால் ஓவியர் வரைந்த நிலா இட்லியாகிவிடும்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் செல்வோர், வீட்டுப் பரணில் மஞ்சளேறிய பெட்டி ஏதேனும் உறங்குகிறதா என்று பாருங்கள். போகிக்குப் பழையன கழிக்கும் ஊக்கத்தில் அது எடைக்குப் போய்விடக்கூடும். மூடியைத் திறந்து முதலில் மின்கலத்தைத் தேடுங்கள். கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடவேண்டாம். நீண்ட கறுப்புச் செருகுவாய்களில் அட்டை ஏதேனும் இருப்பின், அதிலுள்ள சில்லுகளின் எண்களை ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஒய்.எம். 3812 என்றோ ஒய்.எம்.எஃப். 262 என்றோ ஓர் எண் கண்ணில் பட்டால், ஊரிலிருந்தே எனக்குத் தகவல் சொல்லுங்கள்.