ரோமானியர் செய்தது கையுறைக் கருவியா?

பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம் நாட்டு வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு பழம்பொருள் தேடுவோருக்கு அபூர்வமாக அகப்படும் விந்தைப் பொருள் ஒன்று உண்டு. உள்ளே கூடான வெண்கல வார்ப்பு. 12 ஐங்கோண முகங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் வெவ்வேறு அளவில் வட்டத் துளை, 20 முனைகளிலும் குமிழ். கி.பி. 2 முதல் 4ஆம் நூற்றாண்டு வரையிலான ரோமானியர் காலத்தவை இவை. 1739இல் இங்கிலாந்தில் ஒன்று பதிவானதிலிருந்து நூற்றுக்கும் மேல் கிடைத்துவிட்டன. என்ன பயன் என்று ஒரு ரோமானிய நூலும் சொல்லவில்லை. அதனால்தான் ‘இது கம்பளிக் கையுறை பின்னும் கருவி, புதிர் அவிழ்ந்துவிட்டது’ என்ற நம்பிக்கை இவ்வளவு எளிதாகப் பரவியிருக்கிறது.

நம்புகிறவர்கள் ஆதாரமே இல்லாமல் பேசவில்லை. குமிழ்களில் நூலைச் சுற்றிக் கையுறை விரலைப் பின்னியே காட்டுகிறார்கள். குளிர் மிகுந்த வடமேற்கு மாகாணங்களில்தானே இவை கிடைக்கின்றன என்றும் கேட்கிறார்கள். ஆனால் பொருளைக் கிட்டத்தில் பாருங்கள். பின்னும் விரலின் பருமனைத் தீர்மானிப்பது குமிழ்களின் இடைவெளி, துளை அல்ல. ஐங்கோணங்கள் எல்லாம் ஒரே அளவு என்பதால் எந்த முகத்தில் பின்னினாலும் ஒரே பருமன்தான் வரும். பிறகு 12 முகங்கள் எதற்கு? துளைகளை இத்தனை அளவில் வார்க்க ஏன் மெனக்கெட வேண்டும்? ஐந்து ஆணி அடித்த மரக்கட்டையே அந்த வேலையைச் செய்துவிடும். ரோமானியர் இவ்வகைப் பின்னலை அறிந்திருந்தார்கள் என்பதற்கும் சான்றில்லை. எகிப்தில் கிடைத்த அக்காலக் காலுறைகள் ஒற்றை ஊசியால் வளையம் வளையமாகக் கோத்தவை. அது வேறு நுட்பம்.

செய்து காட்ட முடிகிறதே, அது போதாதா? போதாது. இதே பொருளை மெழுகுவர்த்தித் தாங்கி என்றும், தூரம் அளக்கும் கருவி என்றும் செய்து காட்டியிருக்கிறார்கள். ஒரு பொருளால் என்னென்ன செய்யலாம் என்பது வேறு, அதை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு. இரண்டாவதற்கு விடை இருக்குமானால் அது கிடந்த மண்ணில்தான் இருக்கும். 2023இல் இங்கிலாந்தின் நார்ட்டன் டிஸ்னி கிராமத்தில் முறையான அகழாய்வில் ஒன்று முழுதாக வெளிவந்தபோது, கூடவே 4ஆம் நூற்றாண்டுப் பானை ஓடுகளும் இருந்தன. எந்தக் காலத்தில் புதைந்தது என்று அவை சொல்கின்றன. வேறு சில, நாணயப் புதையல்களோடு கிடைத்திருக்கின்றன. அவற்றை வைத்திருந்தவர்கள் விலையுயர்ந்த உடைமையாகக் கருதினார்கள் என எண்ண அது இடம் தருகிறது. தனியாகத் தோண்டியெடுத்துக் கழுவித் துடைத்த பொருளில் இந்தச் சாட்சியம் எதுவும் மிஞ்சாது. பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியில் ஒரு துண்டைக் கண்டெடுத்த டிடெக்டர்காரர், கிடைத்த இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியலாளரிடம் தெரிவித்தார். அதனால்தான் அதே வயலில் அவர்களால் மேலும் தேட முடிகிறது.