கொடுவாள் வாங்கப் போகும் தம்பிக்கு



ஓசூர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்து, மாந்தோப்புக் கவாத்து, வேலிமுள் வெட்டு என்று இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். கல்லாவி சுற்றுவட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது. எந்தக் கொடுவாள் வாங்கலாம் என்று கேட்டு, போனில் பார்த்த ஒன்றின் படத்தையும் அனுப்பியிருந்தாய். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், இடுப்பில் மாட்ட நைலான் உறை. அதை வாங்காதே.

லத்தீன் அமெரிக்க நாடுகளில் கரும்புக்கும் புல்லுக்கும் வீசுகிற கத்தியின் சாயல் அது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தகடு, நல்ல நீளம். பச்சைத் தண்டுக்கு எடை தேவையில்லை, வீச்சின் வேகமே போதும். நீ வெட்டப்போவது காய்ந்த புளியங்கிளை, கருவேலம், சீமைக்கருவேலம். மெல்லிய தகடு அவற்றில் பட்டுத் துள்ளும். அந்த அதிர்ச்சி முழுக்க உன் மணிக்கட்டுக்கு வரும். முதுகு தடித்து, வாய்வரை சீராகச் சரிந்து இறங்கும் கொடுவாள்தான் இங்கே பேசும். அந்த ரம்பப் பல்லால் ஒழுங்காக அறுக்கவும் முடியாது, கத்தி கிளையில் சிக்கினால் முதுகில் கட்டையால் தட்டி இறக்கவும் முடியாது.

நம்முடையது கருங்கல் பூமி. வேலியோரம் அடிமுள்ளை வெட்டும்போது கல் மறைந்துதான் கிடக்கும். கொடுவாளின் நுனி வளைந்திருப்பதில் அதற்கும் ஒரு பயன் இருக்கிறது: தரையைத் தொட்டால் மூக்கு முதலில் தொடும், வாய் தப்பும். வெட்டிய முள்ளைக் கையால் தொடாமல் இழுத்துப் போடவும் அந்த மூக்குத்தான் உதவும். வளைவு அளவாக இருக்கட்டும். அதிகமானால் மாமரத்தின் மேல் நின்று வெட்டும்போது பக்கத்துக் கிளையில் மாட்டும்.

இனி முக்கியமான விஷயம், தோய்ச்சல். கத்தி விற்கிறவர் எடையைக் காட்டுவார், பளபளப்பைக் காட்டுவார். தோய்ச்சலை நீயாகத்தான் பார்க்க வேண்டும். நல்ல பட்டறைகளில் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிப்பார்கள். அதில் கரி அரை சதவீதத்துக்கு மேல் இருக்கும். காய்ச்சித் தோய்த்தால் கெட்டிப்படும். கட்டடக் கம்பி, சாதா இரும்புத் தகடு இவற்றில் கரி குறைவு. எவ்வளவு காய்ச்சினாலும் அந்தக் கெட்டி வராது.

முடிந்தால் உலைக்குப் பக்கத்தில் நின்று பார். செக்கச் சிவந்த கத்தியின் வாய்ப்பக்கத்தை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்குவார். எடுத்ததும் செங்கல் துண்டால் பரபரவென்று தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவார். முதுகில் இன்னும் சூடு நிற்கும். அந்தச் சூடு வாயை நோக்கி நகர நகர நிறம் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். மஞ்சள் ஏறக்குறைய 230 டிகிரி, நீலம் 300 டிகிரிக்குப் பக்கம். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் கண்ணாடியாகிவிடும், கல்லில் பட்டால் பல் விழும். முழுக்க நீலம் ஓடவிட்டால் கொஞ்சம் மழுங்கும், ஆனால் உடையாது. பழுப்பு ஊதாவாக மாறும் நேரத்தில் முழுக்கத்தியையும் அமிழ்த்துகிறவரிடம் வாங்கு. நம் கல்லுக்காட்டுக்கு அந்தப் பதம்தான் சரி.

செய்து வைத்த கத்தியானால் ஒரு சின்ன அரம் கொண்டு போ. வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பார். வெண்ணெய்போல இறங்கினால் மிருது. பிடிக்காமல் வழுக்கினால் கெட்டி அதிகம். முனகிக்கொண்டே லேசாகத் தூள் விழுந்தால் எடுத்துக்கொள். பிடியையும் பார்: வால் பிடிக்குள் முழுக்க ஓடி, அடியில் மடித்து அடித்திருக்க வேண்டும், பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். வாலைக் கரண்ட் வெல்டிங்கில் ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடு. வீசும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். எதிரே ஆள் நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்.

பேரம் பேசு, அடித்துப் பேசாதே. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்தவற்றின் காலக்கணிப்பை வைத்து, கி.மு. 2172-இலேயே இங்கே இரும்பு புழங்கியது என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். 2025 ஜனவரியில் வந்த தொல்லியல் துறை அறிக்கை தூத்துக்குடிப் பக்கத்துச் சிவகளை அகழாய்வை வைத்து, தமிழ்நாட்டு இரும்பின் காலத்தைக் கி.மு. 3345 வரை பின்னுக்குக் கொண்டுபோனது. இவ்வளவு பழைய மண்ணில் உலை வைத்திருப்பவருக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்ச வேண்டாமா? தீட்டவும், வாய் தேய்ந்தால் மறுபடி காய்ச்சி அடிக்கவும் ஆண்டுக்கு ஆண்டு நீ போகப்போவது அவரிடம்தான். அவசரத்துக்குக் கிரைண்டரில் தீட்டிவிடாதே. தீப்பொறியோடு வாய் நீலம் பாய்ந்தால் அவர் வைத்த தோய்ச்சல் போய்விடும்.

பட்டறையில் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்டால் கோபப்படாமல் கொடு. 2021-இல் போலீஸ் சொன்னதிலிருந்து பல இடங்களில் அப்படி எழுதி வைக்கிறார்கள். பஸ்ஸில் கொண்டு வரும்போது சாக்கில் சுற்றிக் கட்டிக்கொள். அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்கு வேலைக்குப் போகும் நாளில் இதில் இரட்டைக் கவனம் வேண்டும்.

இன்னொன்று. மாமரத்தில் கட்டைவிரல் பருமனுக்கு மேல் உள்ள உயிர்க்கிளையைக் கொடுவாளால் வெட்டாதே. பட்டை உரிந்து கீழே வரை கிழியும். அதற்குக் கவாத்து ரம்பம் தனியாக வாங்கு; அறுத்த இடத்தில் போர்டோ பசை தடவு. அறுவடை முடிந்ததும் தோப்புக்காரர்கள் உன்னைத் தேடுவார்கள். ஆனி மாதத்துக்குள் பட்டறையில் சொல்லி வைத்துவிடு. அதற்குப் பிறகு கொழுவும் களைக்கொத்தும் வந்து குவிந்து, உன் கத்திக்கு அவருக்கு நேரம் இருக்காது.

அன்புடன்,
அண்ணன்