தீவுக்குப் போகும் முன்

சித்தூரில் ஒரு மாங்காய் மண்டி. அங்கே ஓர் அம்மா காய்களைத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். அவருடைய அக்கா கல்யாணமாகி அந்தமானுக்குப் போனவர். பதினெட்டு வருடங்களாக இருவரும் நேரில் பார்க்கவில்லை.

மகளிர் குழுவில் சேமித்த பணம் இப்போது கையில் இருந்தது.

"ஜூலையில் மாங்காய் வேலை முடியும். உடனே பெரியம்மா வீட்டுக்குப் போவோமா?" என்று மகளிடம் கேட்டார்.

மகள் பெரியம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஜூலை வேண்டாம் கண்ணு. இங்கே மே மாதமே மழை தொடங்கிவிடும். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும். பொங்கல் முடிந்து வாங்க" என்றார் பெரியம்மா.

எப்படிப் போவது? திருப்பதி விமான நிலையம் ரேணிகுண்டாவில் இருக்கிறது. ஆனால் அந்தமானுக்கு நேரே போகச் சென்னைதான் வசதி. சித்தூரிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் போய்விடலாம். சென்னையிலிருந்து அந்தமான் சுமார் 1,370 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டேகால் மணி நேரம்தான்.

"போக மூன்று, வர மூன்று. லீவெல்லாம் கடலிலேயே போய்விடுமே! விமானத்தில் போவோம். இப்போதே சீட்டு எடுத்தால் செலவும் குறையும்" என்றார் அம்மா.

இருவரும் திருப்பதிக்குப் போய், சீட்டு பதிவு செய்யும் கடையில் விவரம் சொன்னார்கள். கடைக்காரர் பெயர்களை ஒரு தாளில் எழுதி, "சரிதானே அம்மா? பணம் கட்டலாமா?" என்றார்.

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் முதியோர் வகுப்பில் ஒரு பாடம் கற்றிருந்தார். பார்க்காமல் எதற்கும் சரி சொல்லக்கூடாது. ஆதார் அட்டையைத் தாளின் பக்கத்தில் வைத்தார். எழுத்து எழுத்தாக விரலை ஓட்டினார்.

"தம்பி, முதல் எழுத்தே வேறாக இருக்கிறதே?"

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீட்டில் கூப்பிடும் பெயரை அவள்தான் சொல்லியிருந்தாள்.

"நல்ல வேளை அம்மா! சீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் விமான நிலைய வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பணமும் வீண், பயணமும் வீண்" என்றார் கடைக்காரர். பெயரைத் திருத்திய பிறகே அம்மா பணம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தார்கள். அம்மா நாட்காட்டியில் ஜனவரி 20-ஐச் சுற்றி வட்டம் போட்டார். பக்கத்தில் "அக்கா வீடு" என்று தன் கையால் எழுதினார்.

தெரிந்துகொள்வோம்

1. அந்தமான் நிக்கோபாரில் 500-க்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு. மக்கள் வாழ்பவை மிகச் சிலவே. தலைநகர் போர்ட் பிளேயர். 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். இரண்டும் ஒரே ஊர்தான்.

2. அங்கே செல்லுலார் சிறை இருக்கிறது. 1906-இல் கட்டி முடித்தார்கள். விடுதலைப் போராட்ட வீரர்கள் பலரை வெள்ளையர்கள் அங்கே அடைத்தார்கள்.

3. அந்தமான் கிழக்கே இருக்கிறது. ஆனால் கடிகாரம் நம்முடையதுதான். எனவே சித்தூரை விட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே இருட்டிவிடும். சுற்றிப் பார்ப்பதைக் காலையிலேயே தொடங்க வேண்டும்.

4. விமானத்தில் தீப்பெட்டியும் கொப்பரையும் கொண்டுபோகக் கூடாது. கத்தி போன்றவற்றைக் கைப்பையில் வைக்கக் கூடாது. பெரிய பையில் வைத்து ஒப்படைக்க வேண்டும். புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும்.

5. கடற்கரையில் பவளம், சங்கு பொறுக்கி எடுத்து வரக்கூடாது. ஜாரவா பழங்குடி மக்களைப் படம் பிடிப்பதும் குற்றம்.

பேசுவோம்

1. பெரியம்மா ஏன் பொங்கலுக்குப் பிறகு வரச் சொன்னார்?
2. அம்மா ஆதார் அட்டையைப் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. உங்கள் ரேஷன் அட்டையிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள்.