டர்போ காரும் அதன் புகையும்

நம் சங்கத்து அன்பர்கள் பலரிடம் இன்று டர்போ பொருத்திய கார் இருக்கிறது. டீசல் கார் என்றால் அநேகமாக எல்லாமே டர்போதான். சிறிய பெட்ரோல் கார்களிலும் அது வந்துவிட்டது. வண்டி புகை கக்கினால் பட்டறையில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "டர்போ போய்விட்டது சார், மாற்ற வேண்டும்" என்பதே. ரயில்வே டீசல் ஷெட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் நான் சொல்வது இதுதான்: டர்போ தானாகக் கெடுவது அபூர்வம். கெடுத்தது எது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் கெடும்.

டர்போவின் வேலை

என்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் அனுப்புகிறது. காரின் டர்போ நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலும். அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். 1962-இல் நம் ரயில்வேக்கு வந்த டபிள்யூ.டி.எம். 2 டீசல் என்ஜினிலும் தத்துவம் இதேதான். என்ஜினை நிறுத்திய பிறகு டர்போ ஓய எத்தனை விநாடி ஆகிறது என்று ஷெட்டில் காது கொடுத்துக் கணக்கிடுவோம். சீக்கிரம் நின்றால் பேரிங்கில் கோளாறு.

புகையின் நிறம்

கருப்பு: டீசலுக்கு ஏற்ற காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம்; டர்போவிலிருந்து என்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம். இரண்டுமே சிறிய செலவு.

நீலம்: ஆயில் எரிகிறது. டர்போதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் கசடால் அடைத்தாலும் இப்படி ஆகும்.

வெள்ளை: தில்லிக் குளிரில் காலையில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவி. என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்து, கூலண்ட் அளவும் குறைந்தால் உடனே காட்டுங்கள்.

ஓசை

வேகம் எடுக்கும்போது 'உஸ்' என்று காற்றுச் சத்தமும் இழுவைக் குறைவும் இருந்தால் காற்றுக் குழாயில் கசிவு. குளிர்ந்த என்ஜினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் மேனிஃபோல்டு கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்வதால் சத்தம் மறைகிறது. கசிவு மறையவில்லை. கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிர்காலத்தில் என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் போட்டுக் குழந்தைகளைக் காருக்குள் தூங்க விடாதீர்கள். மூடிய கராஜில் என்ஜினை ஓட்டவே கூடாது.

ஒரு தொடர் வியாதி

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி வந்த டீசல் கார்களில், சைலன்சருக்கு முன்னால் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பட்டறையில் டி.பி.எஃப். என்பார்கள். சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் வண்டியே எரித்துக்கொள்ளும். தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓடினால் அந்தச் சூடு வராது, வடிகட்டி அடைக்கும். புகை வெளியேற வழியின்றிப் பின்னுக்குத் தள்ளும். டர்போவின் சீல் வழியே சூடான புகை உள்ளே புகுந்து ஆயிலைக் கரியாக்கும். சீல் கெட்டுக் கசியும் ஆயிலும் எரிந்து அதே வடிகட்டியை மேலும் அடைக்கும். எங்கள் காலனி நண்பர் ஒருவருக்குப் புது டர்போ போட்ட நாலாம் மாதமே மீண்டும் நீலப் புகை. வடிகட்டியை யாரும் பார்க்கவே இல்லை!

கடைப்பிடிக்க வேண்டியவை

1. வண்டியின் கையேட்டில் சொன்ன ஆயிலையே, சொன்ன காலத்தில் மாற்றுங்கள். டி.பி.எஃப். உள்ள வண்டிக்குக் குறைந்த சாம்பல் தரும் ஆயில் அவசியம்.

2. மாதம் ஒருமுறை டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலும் கோளாறு. டீசல் வண்டியில் கூடினாலும் கோளாறு. அதில் டீசல் கலந்திருக்கலாம்.

3. ஸ்டார்ட் செய்தவுடன் ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீர்கள். நெடுஞ்சாலையில் ஓட்டி வந்து நிறுத்தும்போது ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

4. டி.பி.எஃப். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் இருபது நிமிடம்போல ஓட்டுங்கள். அணையாவிட்டால் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். அப்போது காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தக்கூடாது, தீப்பிடிக்கும்.

5. வடிகட்டியை வெட்டி எடுத்துவிடலாம் என்று யோசனை சொன்னால் சம்மதிக்காதீர்கள். அது சட்ட விரோதம். அந்தக் கரி நம் பிள்ளைகளின் நுரையீரலுக்குத்தான் போகும்.

பட்டறையில் டர்போவை மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆயில் போகும் குழாயும் திரும்பும் குழாயும் சுத்தமா? காற்றுக் குழாயில் கசிவு உண்டா? வடிகட்டி அடைத்திருக்கிறதா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு பணத்தை எடுங்கள்.