மண்ணுக்குள் மறைந்தொழுகும் நீர்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்திருப்பது ஒடுகத்தூர்ப் பேரூராட்சி. மலையிலிருந்து இறங்கும் உத்திரகாவேரி ஆறு இப்பகுதியின் வழியே சென்று பாலாற்றில் கலக்கிறது. ஆற்றில் நீர் ஓடுவது மழைக் காலத்தில் சில நாட்களே. எஞ்சிய காலமெல்லாம் கிணறுகளையும் ஆழ்துளைக் கிணறுகளையும் பெரிதும் நம்பியே ஊரும் வயலும் வாழ வேண்டியிருக்கிறது. இத்தகைய இடத்தில் ஒரு குடம் நீரை மேலே ஏற்றுவதற்கு ஆகும் செலவையும் சிரமத்தையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துக் கூறத் தேவையில்லை. அவ்வாறு ஏற்றிய நீர், வீட்டை அடையுமுன்னரோ, வீட்டை அடைந்த பின்னரோ, ஒருவர் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் மறைவதைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம்.

தெருக்குழாய் ஒழுகினால் பத்துப் பேர் பார்க்கிறார்கள். இரண்டு பேராவது பஞ்சாயத்து அலுவலகத்தில் வந்து சொல்கிறார்கள். மண்ணுக்கடியில் உள்ள ஓட்டைக்கோ முறையிட ஆளில்லை. 10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தொட்டியின் அழுத்தம் தாங்கும் குழாயில் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை இருப்பதாகக் கொள்வோம். குண்டூசித் தலையைவிடச் சிறிய துளைதான். ஆயினும் நாள் முழுதும் அழுத்தம் இருந்தால் அதன் வழியே ஏறத்தாழ 570 லிட்டர் நீர் வெளியேறும். 2019-ஆம் ஆண்டு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு வகுத்திருக்கும் அளவு 55 லிட்டர். ஆகவே அச்சிறு துளை பத்துப் பேரின் பங்கைக் குடித்துவிடுகிறது. துளையின் விட்டம் 3 மடங்கானால் ஒழுகும் நீர் 9 மடங்காகும்.

சரளை மண்ணில் புதைந்த குழாயானால் மேலே ஈரம்கூடத் தெரியாது. நீர் நேரே கீழிறங்கிவிடும். களிமண்ணிலோ நீர் இறங்க வழியின்றி மேலே வரும். ஆனால் ஓட்டைக்கு நேர் மேலே வரும் என்பதும் நிச்சயமில்லை. குழாய் புதைத்த பள்ளத்தின் வழியே பல அடி தூரம் நடந்து, வேறோர் இடத்தில் தலை காட்டுவதுண்டு. ஈரம் கண்ட இடத்தையே தோண்டி, குழாய் நன்றாக இருக்கிறதே என்று மூடிவிட்டுப் போகிறவர்கள் பலர். ஈரத்திலிருந்து மேட்டுப் பக்கமாகக் குழாயைத் தொடர்ந்து பார்ப்பதே முறை.

“ஒழுகிய நீர் எங்கே போகிறது? பூமிக்குத்தானே போகிறது, மறுபடியும் கிணற்றுக்கு வந்துவிடும்” என்று விவசாய அன்பர்கள் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறோம். இதில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நீர் நம் கிணற்றுக்கே திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பாறைப் பூமியில் நீர் வெடிப்புகளின் வழியே தன் போக்கில் செல்லும். அதை மேலேற்றிய மின்சாரமும், அதில் கலந்த குளோரினும் திரும்பி வருவதேயில்லை. இவற்றையெல்லாம் விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீர் வெளியேறும் ஓட்டை, வெளிநீர் உள்ளே நுழையும் வாயிலும் ஆகும்.

நம் ஊர்களில் குழாயில் நீர் விடுவது ஒரு மணி நேரமோ, இரண்டு மணி நேரமோதான். அந்நேரத்தில் உள்ளிருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. வால்வை மூடியதும் குழாய் வற்றத் தொடங்குகிறது. உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அப்பொழுது அதே ஓட்டையின் வழியாகச் சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. தெருச் சாக்கடைக்குள் மூழ்கியபடி வீட்டிணைப்புக் குழாய் செல்லும் காட்சி எந்த ஊரில் இல்லை? அக்குழாயின் இணைப்பு தளர்ந்திருந்தால் மறுநாள் காலையில் முதற்குடம் பிடிப்பவர் எதைப் பிடிக்கிறார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டிணைப்பில் மின்மோட்டாரை நேரே பொருத்தி நீரை உறிஞ்சுகிறவர்கள் இக்கேட்டை இன்னும் பெருக்குகிறார்கள். அவர்கள் அயலார் பங்கை எடுப்பதோடு, சாக்கடை நீரையும் சேர்த்துத் தம் வீட்டுக்கே இழுத்துக்கொள்கிறார்கள். கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில், நாள் முழுதும் குழாயில் நீர் நிற்கும் பகுதிகளையும், இடைவிட்டு நீர் விடப்படும் பகுதிகளையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-இல் வெளியாயிற்று. இடைவிட்டு வரும் நீரிலேயே கிருமிகள் மிகுதியாகக் காணப்பட்டன. அதிலும் முதலில் வரும் நீரிலும், மழைக் காலத்திலும் அவை அதிகம்.

வீட்டு மனைக்குள் உள்ள கசிவு ஓர் ஊரையே பாழாக்கிய வரலாறும் உண்டு. 1854-ஆம் ஆண்டு லண்டன் நகரில், பிராடு தெருவிலிருந்த பொதுக் கிணற்று நீரைக் குடித்தவர்களிடையே காலரா பரவி 600-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். டாக்டர் ஜான் ஸ்நோ என்பவர் அக்கிணற்றின் மீது ஐயங்கொண்டு, அதன் கைப்பம்பின் பிடியைக் கழற்றச் செய்தார். மறு ஆண்டு தோண்டிப் பார்த்தபோது, அடுத்த வீட்டின் கழிவுக் குழி கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் இருந்ததும், அதன் செங்கற்சுவர் சிதைந்து கழிவு கிணற்றுப் பக்கம் கசிந்ததும் வெளியாயின. நம் கிராமங்களில் உள்ள உறிஞ்சுகுழிக் கழிப்பறை, நீரை மண்ணுக்குள் விடுவதற்கென்றே அமைக்கப்படுவது, அது குற்றமன்று. இடம் போதவில்லையென்று அதன் பக்கத்திலேயே தரைத்தொட்டி கட்டுவதுதான் குற்றம்.

தோல் தொழில் நடைபெறும் இப்பாலாற்றுப் பகுதிக்கு மற்றொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. உரித்த தோல் அழுகாமலிருக்க உப்பிட்டு வைக்கிறார்கள். பதனிடுமுன் அதை ஊற வைத்துக் கழுவும்போது அவ்வுப்பின் பெரும்பகுதி கழிவு நீரில் இறங்குகிறது. சாதாரணச் சுத்திகரிப்பினால் உப்பு நீங்குவதில்லை. 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஒரு பகுதியாகவோ முற்றிலுமாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததைக் குறிப்பிடுகிறது. நிலத்தடி நீர் உப்பாகிப்போன ஊர்களுக்காகத்தான் மேட்டூரிலிருந்து காவிரி நீரை நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் கொண்டு வர வேண்டியதாயிற்று. அத்தனை தூரம் வந்த நல்ல நீரை, வெடித்த தரைத்தொட்டி ஒன்றில் விட்டு உப்பு நீரோடு கலக்க விடுவது நியாயமாகுமா?

இனி, கசிவைக் கண்டறியும் முறையைக் காண்போம். இதற்கு வேண்டியவை ஒரு சாக்குக்கட்டியும் ஓர் இரவுப் பொழுதுமே. தரைத்தொட்டியை நிரப்பி, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் அடைத்து, நீர் மட்டத்தில் கோடிட வேண்டும். இரவு 10 மணிக்கு இட்ட கோட்டைக் காலை 4 மணிக்குப் பார்க்க வேண்டும். 2 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 30 லிட்டர் நீர் சுவரின் வழியாகவோ அடித்தளத்தின் வழியாகவோ போயிருக்கிறது. மட்டம் இறங்காமலிருந்தால் தொட்டி குற்றமற்றது. மறுநாள் இரவு மாடித் தொட்டியிலும் இவ்வாறே கோடிட்டு, வீட்டுக் குழாய்களை மட்டும் மூடிவைத்துப் பார்க்கலாம். மட்டம் இறங்கினால், அதற்கடுத்த இரவு தொட்டியடி வால்வையும் மூடிவிட வேண்டும். அப்பொழுது இறக்கம் நின்றுவிட்டால் கசிவு சுவருக்குள் செல்லும் குழாயில்தான் என்பது தெளிவு. சுவரடியில் உப்புப் பூப்பதும், சுண்ணாம்பு உதிர்வதும் அவ்விடத்தைக் காட்டிக்கொடுக்கும். கழிப்பறைத் தொட்டியில் சிறிது சலவை நீலத்தைக் கரைத்து, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் விட்டால், அங்குள்ள ஒழுக்கும் நீல நிறமாகக் கீழே தெரிந்துவிடும்.

மழைக் காலத்தில் தரைத்தொட்டியின் மட்டம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியிருக்குமானால் மகிழ வேண்டாம்; வெளிநீர் உள்ளே வருகிறது. இதை அறிய உப்பு அளக்கும் சிறு டி.டி.எஸ். மானி உதவும். தெருக்குழாய் நீரை ஒரு முறையும், அதே நீர் நிரம்பிய தொட்டியை மறுநாள் ஒரு முறையும் அளக்க வேண்டும். தொட்டி நீரில் உப்பு தெளிவாகக் கூடியிருந்தால் சுவரில் வெடிப்பு உண்டு என்று கொள்ளலாம். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே நன்று என்பது இந்திய நியமம். வேறு நீரில்லாத இடத்தில் மட்டுமே 2,000 வரை அனுமதி. ஒன்றை மறத்தலாகாது: இம்மானி உப்பைக் காட்டுமேயன்றிக் கிருமியைக் காட்டாது. அதற்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்திற்கு நீர் அனுப்ப வேண்டும்.

ஊர்த் தொட்டிக்கும் இதே முறைதான்; அளவு மட்டுமே பெரிது. 5 மீட்டர் விட்டமுள்ள மேல்நிலைத் தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 200 லிட்டர் போயிற்று என்று பொருள். சோதனையன்று இரவில் குழாய்களை மூடி வைக்கும்படி முன்கூட்டியே தண்டோராவோ ஒலிபெருக்கியோ மூலம் தெரிவித்துவிட வேண்டும். இல்லாவிடில் மூடாத குழாயெல்லாம் கசிவாகக் கணக்கில் ஏறும். முதல் இரவு தொட்டியடி வால்வை மூடிப் பார்ப்பது. பின்னர் அதைத் திறந்து, தெரு வால்வுகளை ஒவ்வோர் இரவுக்கு ஒன்றாகத் திறந்து பார்ப்பது. எந்தத் தெருவைத் திறந்ததும் இறக்கம் திடீரெனக் கூடுகிறதோ அங்கே நடந்து பார்த்தால் போதும். நள்ளிரவின் அமைதியில் வால்வின் மீது இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால் நீர் சீறும் ஒலிகூடக் கேட்கும். தொட்டி இயக்குபவர் ஒருவரை மட்டும் இவ்வேலைக்கு ஏவிவிடாமல், வார்டு அங்கத்தினரும் உடன் செல்வது நலம் என்பது நம் அபிப்பிராயம். மராமத்துக்குப் பணம் ஒதுக்கும் கை, ஓட்டையைக் கண்ட கண்ணோடு சேர்ந்திருந்தால் வேலை விரைவில் நடக்கும்.

இவ்வாறு பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்ததே கம்போடியாவின் தலைநகரான நாம்பென் கையாண்ட வழிகளில் ஒன்று. நெடிய போரினால் சீர்குலைந்திருந்த அந்நகரில் 1993-இல் 100 லிட்டரில் 72 லிட்டர், கசிவினாலும் திருட்டிணைப்பினாலும் கணக்கில் வராமல் போயிற்று. பழைய குழாய்களை மாற்றி, மீட்டர் பொருத்தி, இரவிலும் கசிவு தேடும் ஆட்களை அமர்த்தி, பதினைந்து ஆண்டுகளுக்குள் அதை 6 லிட்டர் அளவுக்குக் குறைத்தனர்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. பம்புசெட்டுக்கு மின்கட்டணம் இல்லாமையால், வயலுக்குச் செல்லும் புதைகுழாயின் கசிவைக் காட்டிக்கொடுக்கப் பில் என்று ஒன்று வருவதில்லை. கோடையில் வரப்போரம் ஓரிடத்தில் மட்டும் அறுகு பசுமையாக நின்றால் அவ்விடத்தை ஐயுற வேண்டும். நாள்தோறும் காலையில் மோட்டாருக்கு நீர் ஊற்றினால்தான் இழுக்கிறது என்றால் புட் வால்வு ஒழுகுகிறது. புதைகுழாயைச் சோதிக்க, அதை நிரப்பிக் கடைமடை வால்வையும் மோட்டார்ப் பக்கத்து வால்வையும் மூடிவிட்டு, காற்றுப்போக்கியாக நிற்கும் குழாயில் நீர் மட்டத்தை ஒரு மணி நேரம் கவனிக்கலாம். மட்டம் நின்றால் குழாய் நன்று. இறங்கினால் நடுவிலுள்ள வால்வை மூடி இரு பாதியாகப் பிரித்துச் சோதித்து, கசியும் பாதியை மட்டும் தோண்ட வேண்டும். ஒட்டும்போது குழாய் ஈரமின்றி உலர்ந்திருப்பதும், ஒட்டிய இணைப்பு நன்கு இறுகியபின் மோட்டாரை ஓட்டுவதும் முக்கியம். பள்ளத்தை உடனே மூடிவிடாமல், ஒருமுறை நீர் விட்டு இணைப்பைத் தடவிப் பார்த்த பின்னரே மண்ணைத் தள்ள வேண்டும்.