ஜன்னலைத் திற, எதிர்க் கதவையும் திற

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன தங்கையும் சரி, வேலைக்காக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தங்கையும் சரி, சென்னை ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்லும் குறை ஒன்றுதான்: "ஜன்னலைத் திறந்துதான் அக்கா வெச்சிருக்கேன், காத்தே வர மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் ஜன்னல் திறந்துதான் இருக்கும். அந்த அறையின் கதவு சாத்தியிருக்கும். எதிர்ப்பக்கத்து பால்கனிக் கதவும் சாத்தியிருக்கும். உள்ளே இருக்கிற காற்று வெளியே போக வழி இல்லாதபோது, வெளியே இருக்கிற காற்று எப்படி உள்ளே வரும்?

இதை ஒரு ஊதுபத்தியை வைத்தே தெரிந்துகொள்ளலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, திறந்த ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பத்தியைப் பிடி. அறைக் கதவு சாத்தியிருந்தால் புகை நேராக மேலே போய்ச் சுருளும். கதவையும் எதிர்ப்பக்கத்து ஜன்னலையும் திறந்ததும் அதே புகை படுத்து ஓடும். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார். உன் வீட்டில் காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை பார். இரண்டும் வேறு வேறாக இருக்கும்.

பழைய அக்ரஹாரத்து வீடுகளிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் வாசலில் நின்றால் கொல்லைக் கதவு வரை நேராகத் தெரியும். நடுவில் முற்றம். வெயிலில் சூடான காற்று முற்றத்து வழியாக மேலே ஏறிவிடும், அந்த இடத்தை நிரப்பத் திண்ணைப் பக்கத்துக் காற்று உள்ளே வரும். ஃப்ளாட்டில் முற்றத்துக்கு இடமில்லை. ஆனால் வாசலுக்கு எதிரே ஒரு திறப்பு என்கிற ஏற்பாட்டை நாமே செய்துகொள்ளலாம். வாசலில் கிரில் கேட் இருக்கிற வீடென்றால் கேட்டைப் பூட்டிவிட்டு மரக்கதவை மட்டும் திறந்து வை. படிக்கட்டுப் பக்கத்துக் காற்று உள்ளே வந்து பால்கனி வழியாகப் போய்விடும்.

எப்போது திறப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். "காலையில திறந்து ராத்திரி சாத்து" என்று நம் அம்மாக்கள் சொன்ன கணக்கு ஓட்டு வீட்டுக்குச் சரியாக இருந்திருக்கும். கான்கிரீட் வீட்டுக்குக் கோடையில் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஒன்பது மணிக்கு மேல் மேற்கு, தெற்குப் பக்கத்து ஜன்னல்களைச் சாத்தித் திரையையும் இழுத்துவிடு. வெளியே அனல் அடிக்கும்போது திறந்து வைத்தால் சுவரும் தளமும் இன்னும் சூட்டைக் குடிக்கும். சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் நண்பகலுக்கும் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கும் இடையில் கிழக்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ நுழையும். மேற்குக் காற்று பலமாக இருக்கிற நாளில் அது தாமதமாகும். அன்றைக்குத்தான் 40 டிகிரியைத் தாண்டும். கடற்காற்று வந்ததும் கிழக்கு ஜன்னலைத் திற, மேற்கில் ஒன்றைக் கொஞ்சமாகத் திறந்து வை. பகலெல்லாம் மொட்டைமாடித் தளம் குடித்த சூடு இரவில்தான் உள்ளே இறங்கும். அதனால் மேல்மாடியில் இருப்பவர்கள் படுக்கப் போகும் வரையாவது எல்லா ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். முடிந்தால் ஒரு டேபிள் ஃபேனை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி வைத்து, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே தள்ளிவிடு. சீலிங் ஃபேன் அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே சுற்றிவிடும், வெளியே அனுப்பாது.

ஏசி போட்டுத் தூங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வருவதில்லை. அறையில் இருக்கிற காற்றையே இழுத்துக் குளிர வைத்துத் திருப்பி விடுகிறது. வெளிக்காற்றில் கரியமில வாயு இன்று பத்து லட்சத்தில் 420 பங்குக்குச் சற்று மேல். அறைக்குள் அது 1,000-ஐத் தாண்டினால் காற்றோட்டம் குறைவு என்று எடுத்துக்கொள்வார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் இரண்டு பேர் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு தூங்கினால் விடியும்போது 2,000-க்கு மேல் போய்விடும். எழுந்ததும் தலை கனக்கிறது, எட்டு மணி நேரம் தூங்கியும் அசதி போகவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் இதைச் சரி செய்து பாருங்கள். படுப்பதற்கு முன் பத்து நிமிடம் ஜன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். அப்புறம் ஏசி போடு. இரவில் அறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வை. கரன்ட் பில் கொஞ்சம் கூடும்தான். கூடினால் கூடட்டும்.

இனி அடுப்படி. ரசத்துக்குத் தாளித்தால் ஹாலில் இருக்கிறவர்கள் இருமுகிறார்களா? எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியும் இருமுகிறார்களா? அப்படியானால் ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறாய். அந்த ஜன்னல் வழியாக வருகிற காற்றை ஃபேன் அப்படியே இழுத்து வெளியே தள்ளிவிடுகிறது. அடுப்புக்கு மேல் நிற்கிற புகை நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஃபேன் ஓடும்போது பக்கத்து ஜன்னலைச் சாத்து, எதிர்ப்பக்கத்தில் ஹால் ஜன்னலைத் திற. காற்று ஹாலிலிருந்து அடுப்படி வழியாக ஓடும்போது நெடியையும் கூட்டிக்கொண்டு போய்விடும். எல்லா ஜன்னலையும் அடைத்துவிட்டு ஃபேனை மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஃபேனுக்கு எங்கிருந்தாவது காற்று வேண்டும், அது பாத்ரூம் பக்கத்திலிருந்து இழுக்கும். சமையல் வாசனையோடு சாக்கடை வாடையும் சேர்ந்து வருகிறது என்றால் காரணம் இதுதான்.

தாளிப்புப் புகை கண்ணுக்குத் தெரிகிறது. எரிகிற கேஸிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு கண்ணுக்குத் தெரியாது. சுடுதண்ணீர் வைப்பதற்குக்கூட ஃபேனைப் போடு. அடுப்பை அணைத்த பிறகும் பத்து நிமிடம் ஓடட்டும்.

கேஸ் வாடை வந்தால் செய்ய வேண்டியது வேறு, இதை மனப்பாடமாக வைத்துக்கொள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். மேலே இருக்கிற வென்டிலேட்டரைத் திறந்து பயனில்லை. வாசல் கதவு, பால்கனிக் கதவு என்று தரை வரை திறக்கிற கதவுகளைத் திற. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடாதே. எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரைத் திருகி மூடிவிட்டு, எல்லாரையும் அழைத்துக்கொண்டு வெளியே போய், 1906-க்குப் போன் செய். பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் வைத்திருக்கிற வீடுகளில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு குளிக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. மயக்கம் வருவதற்குள் கதவைத் திறக்கத் தோன்றாது. என்னைக் கேட்டால் கீசரைக் கழற்றிப் பாத்ரூமுக்கு வெளியே மாட்டச் சொல்வேன்.

"திறந்தா கொசு வருதே அக்கா." வரும். டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கிறது. விடிந்து இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் அதற்கு உச்சம். விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைக் கதவைச் சாத்துகிற நம் வழக்கம் இருட்டிய பிறகு வருகிற கியூலெக்ஸைத் தடுக்கும், ஏடிஸைத் தடுக்காது. அதற்கு நாலு மணிக்கே வலை இல்லாத ஜன்னலைச் சாத்த வேண்டும். எல்லா ஜன்னலுக்கும் வலை அடிக்கப் பணம் இல்லையென்றால், எதிரெதிராக இருக்கிற இரண்டுக்கு மட்டும் அடி. காற்று ஓட அது போதும். வெல்க்ரோ வைத்து ஒட்டுகிற நைலான் வலையைக் கழற்றித் துவைக்கலாம். மாதம் ஒரு முறையாவது துவை. தூசி அடைத்த வலை வழியாகக் காற்று பாதிகூட வராது. ஈரத்துணியால் துடைத்தால் கரியாக ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தாலே தெரியும். வலைக்குப் பதிலாக அறையைச் சாத்திவிட்டுக் கொசுவத்தி கொளுத்துவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு சுருள் எரிந்து முடிக்கும்போது வெளியேறுகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்குச் சமம் என்று 2003-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. கைக்குழந்தை இருக்கிற அறையில் அது வேண்டவே வேண்டாம்.

திறக்கக் கூடாத நாட்களும் உண்டு. போகி அதில் முதல். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னைக்கு வந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. அன்று விடியற்காலை ஜன்னலைச் சாத்து, கீழே இடைவெளி இருந்தால் ஈரத்துணியைச் சுருட்டி வை, வெயில் ஏறிய பிறகு திற. தீபாவளி இரவும் அப்படித்தான். மார்கழி, தை மாதங்களில் விடிகாலைக் காற்று சுத்தமானது என்று நினைக்கிறோம். தரையை ஒட்டிய குளிர்காற்று மேலே எழாமல் நிற்பதால் வண்டிப் புகை, குப்பைப் புகை எல்லாம் அதில்தான் தங்கியிருக்கும். மெயின் ரோட்டை ஒட்டிய வீடென்றால் அந்த மாதங்களில் ஒன்பது மணிக்கு மேல் திறப்பது நல்லது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தபோது சுற்று வட்டாரத்தில் பல நாள் யாரும் ஜன்னல் திறக்க முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்று பார். புகை வருகிற பக்கத்தைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கத்தை மட்டும் கொஞ்சம் திறந்துகொள்ளலாம்.

மழைக்காலத்தில் மழை விட்டதும் திற. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடு, பூஞ்சை பிடிக்காது. ஈரத்துணியைப் படுக்கையறையில் காயப்போடாதே. அந்துருண்டை போட்ட பீரோவைத் திறந்தால் ஜன்னலையும் சேர்த்துத் திற.

வீட்டில் யாருக்காவது தொற்று இருமல் இருந்தால் ஜன்னல் மருந்துக்கு அடுத்தபடி முக்கியம். உலகத்தின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியாவில்தான் இருக்கிறார். பெரு நாட்டின் லிமா நகரத்து மருத்துவமனைகளில் செய்த ஆய்வு ஒன்று 2007-ல் வெளியானது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் உள்ள பழைய கட்டடங்களில், கதவு ஜன்னலைத் திறந்து வைத்தபோது இயந்திரக் காற்றோட்டம் வைத்த புது வார்டுகளைவிட நன்றாகக் காற்று மாறியது என்று அதில் கண்டார்கள். வீட்டில் நாம் செய்யக்கூடியது: நோயாளியின் கட்டிலை ஜன்னலுக்கு அருகில் போடு, டேபிள் ஃபேன் அவர் பக்கமிருந்து ஜன்னலைப் பார்த்து ஓடட்டும். வாசல் பக்கத்திலிருந்து சாப்பாடு கொண்டு போகிறவர் மேல் அந்தக் காற்று அடிக்கக் கூடாது. "சளி பிடிச்சிருக்கு, காத்து படக் கூடாது" என்று சாத்தி வைப்பது பாசத்தில் செய்வதுதான். ஆனால் போர்வையைக் கூடுதலாகப் போர்த்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பதுதான் அவருக்கும் நல்லது, பார்த்துக்கொள்கிற உனக்கும் நல்லது.

எதிர்வீட்டிலிருந்து பார்க்கிறார்கள் என்பதற்காகவே நாளெல்லாம் ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற பெண்கள் நிறையப் பேர். இதை நான் சிறு விஷயமாக நினைக்கவில்லை. பழைய வீட்டு ஜன்னலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கதவு இருக்கும். கீழே சாத்தி மேலே திறந்தால் மறைவும் உண்டு, காற்றும் உண்டு. ஸ்லைடிங் ஜன்னலில் அது முடியாது. அதற்கு அரை ஸ்கிரீன் இருக்கிறது. ஜன்னலின் பாதி உயரத்தில் ஸ்பிரிங் கம்பியை மாட்டி, மெல்லிய பருத்தித் துணியைத் தொங்கவிடு. மேல்பாதி திறந்தே இருக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் ஜன்னலுக்குக் கீழே சோஃபா, ஸ்டூல் எதுவும் வேண்டாம்; கிரில் இல்லாத ஜன்னலுக்குக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் பூட்டு போடு. இரவில் திறந்து படுக்கிறவர்கள் போனையும் கைப்பையையும் கம்பிக்குக் கை எட்டாத இடத்தில் வையுங்கள். குச்சியை விட்டு எடுத்துவிடுவார்கள்.

புது வீடு பார்க்கப் போகிறவளுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. சென்னை மாதிரி ஈரப்பதமும் வெப்பமும் உள்ள ஊருக்கு, கதவு நீங்கலாக, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்பது இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் பார்க்கிற அளவை இரண்டால் வகுத்துக்கொள். பகல் மூன்று மணிக்குப் போய்ப் பார். புரோக்கர் லைட்டும் ஃபேனும் போட்டுக் காட்டுவார், அணைக்கச் சொல். ஜன்னல் ஒவ்வொன்றையும் நீயே கையால் தள்ளித் திறந்து பார். எட்டு அடிக்குள் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் நிற்கிறதா, கீழே ஜெனரேட்டரோ குப்பைத்தொட்டியோ இருக்கிறதா என்று எட்டிப் பார். இரண்டு பக்கமாவது திறப்பு இல்லாத வீட்டுக்கு, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.