காற்றில் மிதக்கும் பவுடரும் கரிசலில் இறங்கும் எர்த்தும்



"அண்ணே, சிலபஸ்ல ரெண்டு வரியோட முடிஞ்சுபோற விஷயம் ஏதாச்சும் ஒண்ணை விரிவா எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுத் தம்பிகள் கேட்டார்கள். எனக்கு உடனே ஞாபகத்துக்கு வந்தது பவுடர் கோட்டிங்தான். பெயிண்டிங், எலக்ட்ரோபிளேட்டிங், கால்வனைசிங் எல்லாம் பந்தியில் உட்கார்ந்த பிறகு கடைசியில் ஓர் ஓரமாக நிற்கும் பாடம் அது. ஆனால் டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் வண்டியேறும் நம் பக்கத்துப் பையன்கள் பலர் அந்த ஷெட்டில்தான் போய் நிற்கிறார்கள். நானும் அப்படிப் போனவன்தான். இன்று அந்த இயந்திரங்களை நிறுவி, பழுது பார்ப்பது என் பிழைப்பு. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்திலும் பீரோ, கிரில் கேட், மெஷின் பாடி என்று இந்த வேலை நடக்கிறது. ஆகையால் பரீட்சைக்கு உதவாவிட்டாலும் வேலைக்கு உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

முதலில் பவுடர் என்றால் என்ன? பெயிண்டில் தின்னரை ஊற்றி நீர்க்க வைக்கிறோம். அடித்த பிறகு தின்னர் ஆவியாகிப் பறந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கியதில் ஒரு பங்கு காற்றோடு போச்சு, பாதி நம் நுரையீரலுக்குப் போச்சு. பவுடரில் தின்னரே கிடையாது. பிசின், கடினமாக்கி, நிறமி எல்லாவற்றையும் உருக்கிக் கலந்து, தகடாக ஆற்றி, மாவாக அரைத்தது அது. துப்பாக்கியில் அடிக்கும் பவுடரின் துகள் சராசரியாக 30 முதல் 40 மைக்ரான். நம் தலைமுடியின் பருமனில் ஏறத்தாழப் பாதி. இத்தனை நுண்ணிய மாவை ஒரு பொருளின் மேல் சீராகப் படிய வைப்பது எப்படி? தூவினால் திட்டுத்திட்டாக விழும். இங்கேதான் காற்று வேலைக்கு வருகிறது.

களத்தில் பொலி தூற்றுவதைப் பார்க்காத கரிசல்காட்டுப் பிள்ளை யாரும் இருக்க முடியாது. மேல்காற்று மெல்ல வீசினால் கம்பும் பொட்டும் சேர்ந்தே காலடியில் விழும். பதமாக வீசினால் பொட்டு தள்ளிப் போகும். பலமாக அடித்தால் தானியமே பறக்கும். அந்தக் காற்றைப் படுக்கையாக வீசவிடாமல் கீழிருந்து நேர் மேலே செலுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு டிரம். அதன் அடியில் சற்று உயரத்தில் ஒரு நுண்துளைத் தகடு. தகட்டுக்குக் கீழே காற்றறை, மேலே பவுடர். ப்ளோயரைக் குறைவாகத் திறந்தால் துகள்களின் இடுக்கு வழியாகக் காற்று கசிந்துபோகும், பவுடர் அசையாது. இன்னும் திறந்தால் ஒரு கட்டத்தில், காற்று துகளை மேலே தள்ளும் விசையும் துகளின் எடையும் சமமாகிவிடும். உடனே மொத்தப் பவுடரும் பூரித்து எழும்பி, உலைத்தண்ணீர் மாதிரி கொதிக்கும். இதுதான் திரவநிலைப் படுகை. ஒரு சின்ன மரக்கட்டையைப் போட்டால் மிதக்கும். நட்டைப் போட்டால் முங்கும். பவுடர் தண்ணீரைப் போல நடந்துகொள்கிறது! இன்னும் அதிகம் திறந்தால் தூசியாகப் பறந்து மூக்கில் ஏறும், அவ்வளவுதான்.

காற்றால் படுகையை எழுப்பும் இந்த வித்தை 1920-களில் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் விங்க்லர் என்பவர் நிலக்கரியை வாயுவாக்கப் பயன்படுத்தியது. அதைப் பூச்சு வேலைக்குத் திருப்பியவர் எர்வின் கெம்மர் என்ற இன்னொரு ஜெர்மானியர். 1953-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவர் முறை ரொம்ப எளிமை. பொருளை முதலில் அடுப்பில் காய வைக்க வேண்டும். பவுடரின் வகையையும் இரும்பின் கனத்தையும் பொறுத்து 200 முதல் 350 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டோடு படுகையில் சில விநாடி முக்கி எடுத்தால், தொட்ட பவுடர் உருகி ஒட்டிக்கொள்ளும். கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் கனத்துக்குப் பூச்சு ஏறும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய சட்டத்தைச் சூடாக்கி மெழுகில் முக்குகிறார்களே, அதே சங்கதிதான். மெழுகுக்குப் பதில் காற்றில் மிதக்கும் மாவு. பிரிட்ஜுக்குள் இருக்கும் கம்பித் தட்டு, தண்ணீர்க் குழாய் வால்வு போன்றவற்றுக்கு இந்த முறை இன்றும் உண்டு.

இதில் இன்னொரு வேடிக்கை. இப்படி முக்கும் பவுடர்களில் பேர்பெற்றது நைலான்-11. அது எதிலிருந்து வருகிறது தெரியுமா? ஆமணக்கு எண்ணெயிலிருந்து! உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில்தான், பெரும்பகுதி குஜராத்தில். நாம் காட்டு ஓரத்தில் விதைத்து, முத்தெடுத்து, வயிற்றுக்கு விளக்கெண்ணெய் குடித்ததோடு நிறுத்திக்கொண்டோம்.

இனி துப்பாக்கி. நம் ஊர்ப் பட்டறைகளில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். இதிலும் பவுடர் தொட்டிக்கு அடியில் அதே நுண்துளைத் தகடும் அதே மிதக்கும் படுகையும் உண்டு. மிதக்கும் பவுடரைக் காற்று உறிஞ்சிக் குழாய் வழியாகத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகிறது. துப்பாக்கி முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட். மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். துகள்கள் அந்த மின்னூட்டத்தை வாங்கிக்கொண்டு, எர்த் செய்யப்பட்ட பொருளை நாடிப் போய் ஒட்டுகின்றன. பின்பக்கம்கூடச் சுற்றிப் போய் ஒட்டும். பிறகு அடுப்பில் 180 முதல் 200 டிகிரியில் 10 முதல் 20 நிமிடம். 60, 80 மைக்ரானில் வழவழப்பான பூச்சு. முக்கும் பவுடர் மெழுகு ஜாதி, மறுபடி சூடாக்கினால் உருகும். இது இட்லி ஜாதி, வெந்தபின் மாவாகாது.

ஒட்டாத பவுடர் கீழே சிந்தினால் நஷ்டம். அதனால் பூத்துக்குள் காற்றை உள்நோக்கி இழுத்து, சைக்ளோனிலோ கார்ட்ரிட்ஜ் பில்டரிலோ பிடித்து, சலித்து, மீண்டும் தொட்டிக்கு அனுப்புகிறோம். காற்று இப்படிச் சுற்றிச் சுற்றி வருவது பவுடரை மிச்சப்படுத்த மட்டும்தான் என்று முதலாளிமார் நினைக்கிறார்கள். உயிரை மிச்சப்படுத்துவதும் அதே காற்றுதான். கணக்கைப் பாருங்கள்.

துப்பாக்கி நிமிடத்துக்கு 150 கிராம் அடிக்கிறது என்போம். பூத்தின் வாய் 1.5 மீட்டருக்கு 1.2 மீட்டர், பரப்பு 1.8 சதுர மீட்டர். உள்ளே போகும் காற்றின் வேகம் விநாடிக்கு அரை மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 54 கன மீட்டர் காற்று. ஒரு துகள்கூட ஒட்டாமல் மொத்தமும் காற்றில் மிதந்தாலும் கன மீட்டருக்கு 2.8 கிராம். பவுடர் மேகம் தீப்பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச அடர்த்தி சில வகைகளுக்குக் கன மீட்டருக்கு 20 கிராம் அளவிலேயே ஆரம்பிக்கிறது. அதில் பாதியைத் தாண்டவிடக் கூடாது என்பது பொதுவான விதி. அதாவது 10 கிராம். நாம் பத்திரம். ஆனால் பில்டர் அடைத்து, இழுப்பு ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டால்? கிட்டத்தட்ட 14 கிராம்! எந்த மணியும் அடிக்காது. பவுடர் பூத்துக்கு வெளியே கசிந்து புகை மாதிரி நிற்கும், அதுதான் ஒரே அடையாளம். அதைப் பார்த்தும் "சாயந்திரம் தட்டிக்கலாம்" என்று சொல்பவரிடம் வேலை பார்க்காதீர்கள்.

தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் பீடி பற்ற வைக்கக்கூடாது என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சிவகாசிப் பக்கத்து அலுமினியப் பவுடர் பற்றியும் தெரியும். இந்தப் பவுடரோ முகத்துக்குப் பூசுவது மாதிரி சாதுவாக இருக்கிறது. அதனால்தான் பயம் வருவதில்லை.

சரி, மேகம் இருந்தாலும் நெருப்பு எங்கிருந்து வரும்? இங்கேதான் எர்த். ஊர் பெயர் வேண்டாம், ஒரு பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். அடிக்கிற பையன், "அண்ணே, பீஸைத் தொட்டாலே சுளீர்னு வெட்டுது. சில நேரம் நீலமா பொறி பறக்குது" என்றான். முதலாளி ஏற்கெனவே மூன்றாவது எர்த் குழி தோண்டி, மூட்டை மூட்டையாக உப்பும் கரியும் கொட்டியிருந்தார். குழியை அளந்தேன், நன்றாகவே இருந்தது. பீஸுக்கும் டிராலிக்கும் இடையே மெக்கர் வைத்தேன். முள் அசையவே இல்லை, முழுத் தடை. காரணம் கொக்கி. மாதக்கணக்கில் பீஸோடு சேர்ந்து அடுப்பில் வெந்து வெந்து, கொக்கியின் மேல் விரல் கனத்துக்குப் பூச்சு ஏறியிருந்தது. வெந்த பவுடர் பலமான மின்காப்பு அல்லவா! பீஸ் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு, வருகிற மின்னூட்டத்தையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தது.

அப்படிச் சேர்ந்தது எவ்வளவு? நம் பிசிக்ஸ் பார்முலாதான்: மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் இருமடியால் பெருக்கிப் பாதி. 100 பைக்கோபாரடு உள்ள ஒரு பீஸ் 20 கிலோவோல்ட் வரை ஏறினால் 20 மில்லி ஜூல். சில எபாக்ஸி பவுடர் மேகங்களுக்கு 10 மில்லி ஜூல் பொறியே போதும். அந்தப் பையனுக்கு நல்ல நேரம், பில்டர் சுத்தமாக இருந்தது.

ஆகவே எர்த் என்பதை இரண்டாகப் பிரித்து மனதில் வையுங்கள். பீஸிலிருந்து கொக்கி, டிராலி வழியாக எர்த் பட்டை வரை உள்ள பாதை ஒன்று. இங்கே தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் போதும், மின்னூட்டம் இறங்கிவிடும். பட்டையிலிருந்து மண் வரை உள்ள பாதை இன்னொன்று. இது அடுப்பு ஹீட்டரோ ப்ளோயர் மோட்டாரோ பாடி ஷார்ட் ஆனால் ஆளைக் காப்பாற்றுவதற்கு. இங்கே கணக்கு ஒற்றை இலக்க ஓமில். முதலாவது கெட்டதற்கு இரண்டாவதைத் தோண்டினால் என்ன பயன்? காலுக்குக் கட்டு, கைக்குக் காயம் என்ற கதை. துப்பாக்கி பிடிக்கும் ஆளும் ஒரு பீஸ் மாதிரிதான். ரப்பர் செருப்பும் தடித்த கையுறையும் போட்டால் அவனே மின்னூட்டம் ஏறி நிற்பான். துப்பாக்கி பிடிக்கும் கையில் உள்ளங்கைப் பக்கம் கையுறையை வெட்டிவிடச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் மண்ணை விட்டுவிடலாமா? நம் மண்ணில் விட முடியாது. கரிசல் ஐப்பசி, கார்த்திகையில் செருப்பைப் பிடித்து இழுக்கும். சித்திரை, வைகாசியில் வாயைப் பிளந்து கிடக்கும். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் தாது செய்யும் வேலை அது. தண்ணீரைக் குடித்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஈரமாக இருக்கும்வரை எர்த்துக்கு இதைவிட நல்ல மண் கிடையாது. சுருங்கும்போதோ குழாயை விட்டு விலகிவிடும். குழாய் மண்ணில் நிற்பது போல் தெரியும், உண்மையில் வெடிப்புக்குள் நிற்கும். தடை பல மடங்கு ஏறிவிடும். மழைக்காலத்தில் டெஸ்ட் செய்து சர்டிபிகேட் எழுதி பைலில் வைத்தவர்கள் மே மாதத்தில் ஒருமுறை அளந்து பார்க்கட்டும். எர்த்திங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 3043 நம் நூலகத்தில் இருந்தால் புரட்டுங்கள். 2018-ல் திருத்திய பதிப்பும் வந்திருக்கிறது. வெடிப்பு எட்டாத ஆழத்துக்கு இறக்குவதும், ஒன்றுக்கு இரண்டாக எலக்ட்ரோடு போட்டு இணைப்பதும், கோடையில் தவறாமல் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நம் மண்ணுக்குப் பொருந்தும். பென்டோனைட் கொட்டினால் தீர்ந்துவிடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதிலும் இருப்பது அதே களிமண் தாதுதான், காயவிட்டால் அதுவும் சுருங்கும்.

வெயில் பற்றியும் தண்ணீர் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். தகரக் கொட்டகையில் பவுடர் பெட்டியை அடுக்கினால் கட்டி தட்டும். அப்புறம் எந்தக் காற்றுக்கும் அது மிதக்காது. "வறண்ட ஊர்தானே, கம்ப்ரசருக்கு ஏர் டிரையர் எதுக்கு?" என்று கேட்பார்கள். 7 பார் அழுத்தத்தில் எட்டு கன மீட்டர் காற்றின் ஈரம் ஒரு கன மீட்டருக்குள் நெருக்கப்படுகிறது, அதுக்குத்தான். பூசும்முன் எண்ணெய், துரு நீக்கி பாஸ்பேட் செய்யும் ஏழு தொட்டி முறையில் அலசும் தண்ணீர் முக்கியம். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கடைசி அலசல் செய்தால் பூச்சுக்கு அடியில் உப்பு தங்கி, பின்னாளில் கொப்புளம் கிளம்பும். அந்தத் தொட்டிகளின் ஆசிட் கழிவை ஓடையில் திறந்துவிடும் வழக்கத்தைப் பற்றி எழுதினால் கட்டுரை நீளும். ஓடை போய்ச் சேர்வது கண்மாயில்தான் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

கடைசி வருட மாணவர்களுக்கு ஒரு புராஜெக்ட். உள்ளே தெரியும்படி ஒரு கண்ணாடிநிற பிளாஸ்டிக் குழாய், அடியில் இறுக்கிக் கட்டிய கெட்டி பில்டர் துணி, ஒரு சின்ன ப்ளோயர், ஒரு வால்வு, தண்ணீர் நிரப்பிய யூ வடிவ டியூப். மாவோ பவுடரோ வேண்டாம், சலித்த மெல்லிய ஆற்று மணல் போதும். மணலின் எடையைக் குழாயின் பரப்பால் வகுங்கள். சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவோ, அத்தனை மில்லிமீட்டர் தண்ணீர்தான் படுகை எழும்பத் தேவையான அழுத்தம். துணிக்கு மட்டும் ஆகும் அழுத்தத்தை மணல் போடுமுன் அளந்து கழித்துவிடுங்கள். வால்வைத் திறக்கத் திறக்க யூ டியூபில் மட்டம் ஏறிக்கொண்டே வந்து, மணல் கொதிக்க ஆரம்பித்த இடத்தில் நின்றுவிடும். அதன்பின் எவ்வளவு காற்று விட்டாலும் ஏறாது. அந்த இடத்தை வால்வில் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.